பின்கண்ணாடியில் ஒரு வெள்ளைப் பொட்டு



கட்டுரைப் பயிற்சி, இலக்கணம், வாசிப்பு என்று எழுதிவரும் நான் இன்று மகிழுந்தின் பின்கண்ணாடியைப் பற்றி எழுத முனைந்திருக்கிறேன். 'டீச்சருக்கு என்ன ஆயிற்று?' என்று சிலர் சிரிக்கக்கூடும். சற்றுப் பொறுத்துப் படித்துப் பாருங்கள். பிள்ளைகளை வண்டியில் ஏற்றிச் செல்லும் ஒவ்வொருவருக்கும் இதில் ஒரு செய்தி இருக்கிறது. பிள்ளைகளின் அடைவுநிலையைப் பதிகிறவர்களுக்கும் ஒரு செய்தி இருக்கிறது. இரண்டாவது செய்தி எனக்கே பிற்பாடுதான் விளங்கியது.

2025ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பேராக் மாநிலத்தில், செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே அமைந்திருக்கும் எங்கள் பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கம் துப்புரவுப் பணிக்கு ஏற்பாடு செய்திருந்தது. தாய்மார்கள் வகுப்பறைகளைக் கழுவினார்கள். தந்தைமார்கள் சிலர் புல்வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு திடலோரப் புல்லை வெட்டினார்கள். நண்பகலில் மீகூனும் தேநீரும் உண்டு, கலகலப்பாகப் பேசி, மன நிறைவோடு கலைந்தோம்.

வீட்டுக்கு வந்து வண்டியிலிருந்து பொருள்களை இறக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. என் பழைய புரோட்டோன் சாகாவின் பின்கண்ணாடியில், இடப்பக்கக் கீழ் மூலையில், ஓரத்திலிருந்து நான்கு விரல் தள்ளி, மிளகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி. விரலால் தடவிப் பார்த்தேன். அழுக்கில்லை. மீன்செதில் போல ஒரு சிறு சில்லு பெயர்ந்திருந்தது. மற்றபடி கண்ணாடி முழுதாக, பளபளவென்று, எப்போதும்போல இருந்தது.

திங்கட்கிழமை காலை பள்ளி வாயிலில் ஒருவர் எனக்காகக் காத்து நின்றார். தோட்டத்தில் பழம் வெட்டும் வேலை செய்பவர். அவருடைய மகள் எங்கள் பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சொன்னார்.

"டீச்சர், சனிக்கிழமை நம்ம மெசின்லதான் கல்லு பறந்துச்சு. உங்க காடி பக்கம் 'டக்'குன்னு சத்தம் கேட்டுச்சு. வந்து பார்க்கிறதுக்குள்ள நீங்க கிளம்பிட்டீங்க. ஏதாச்சும் உடைஞ்சிருந்தா சொல்லுங்க டீச்சர், நான் கட்டிடறேன்."

அவர் முகத்தைப் பார்த்தேன். நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட் ஆகியிருக்கிறது. அதை வைத்து நான்கு பிள்ளைகளை வளர்க்கிறவர். ஓய்வு நாளில், தம் சொந்தப் பெட்ரோலைப் போட்டு, பள்ளிக்கூடத்துப் புல்லை வெட்ட வந்தவர்.

"ஒன்றும் இல்லை அண்ணே, சின்னக் கீறல்தான். நீங்கள் கவலைப்படாதீர்கள்" என்றேன்.

அவர் நிம்மதியோடு போனார். எனக்கும் ஏதோ நல்ல காரியம் செய்த நிறைவு. அந்தச் சொல் பொய்யா மெய்யா என்று அப்போது நான் ஆராயவில்லை. ஆராய விரும்பவும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்தத் தோட்டத்துக்கு வந்துகொண்டிருந்த பள்ளி வேன் நின்றுபோன பிறகு, மூன்று பிள்ளைகளை மாலையில் நான்தான் என் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன். பெற்றோர் எழுத்து மூலம் ஒப்புதல் தந்திருக்கிறார்கள், தலைமையாசிரியருக்கும் தெரியும். இருக்கைவார் கட்டாமல் வண்டியை நகர்த்துவதில்லை. பின்னிருக்கைக்கும் அது 2009 ஜனவரி முதல் நம் நாட்டில் கட்டாயம் என்பதைப் பெற்றோர் பலர் இன்னும் பொருட்படுத்துவதில்லை. மூவரில் சிறியவள், சிறுவர்க்கான உயர்த்தும் இருக்கையில் இடப்பக்கம் அமர்வாள். அவள் வேறு யாருமில்லை. கல் பறந்தது என்று சொல்ல வந்தாரே, அவருடைய மகள்தான். அந்த வெள்ளைப் புள்ளி அவள் தலைக்கு நேர் பின்னால் இருந்தது.

ஒன்பது நாள் அப்படியே ஓட்டினேன்.

அந்த ஒன்பது நாளும் என் மனம் போட்ட கணக்கை ஒளிக்காமல் எழுதுகிறேன். புள்ளி மிகச் சிறியது. வண்டியோ பழையது. ஆண்டுக் காப்புறுதியைப் புதுப்பித்தபோது கண்ணாடிக்கான கூடுதல் காப்பை வேண்டாம் என்று நானே நீக்கியிருந்தேன். மாற்றினால் செய்தி தோட்டத்துக்குப் போகும். அவர் பணத்தோடு வந்து நிற்பார். ஆகவே மாற்றத் தேவையில்லை! இந்த நான்கு காரணங்களில் ஒன்றுகூடக் கண்ணாடியைப் பற்றியது இல்லை என்பதைக் கவனித்தீர்களா? நான் அப்போது கவனிக்கவில்லை.

அக்கம்பக்கத்து அறிவுரைகளும் எனக்கு இசைவாகவே அமைந்தன. "ஒளிபுகும் நாடாவை ஒட்டிவிட்டால் போதும், தண்ணீர் இறங்காது" என்றார் என் கணவர். சக ஆசிரியை ஒருவர், தம் வண்டியின் முன்கண்ணாடியில் விழுந்த சில்லை 50 ரிங்கிட்டில் பசை ஊற்றிச் சரிசெய்ததாகச் சொன்னார். "அதுமாதிரி நீங்களும் செய்துகொள்ளுங்கள்" என்றார். 'இத்தனை நாள் ஒன்றும் ஆகவில்லையே, இனியும் ஆகாது' என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

பத்தாம் நாள் மாலை, செம்மண் சாலையில் வண்டி குலுங்கிக்கொண்டு போனபோது பின்னாலிருந்து அந்தச் சிறுமி சொன்னாள்.

"டீச்சர், உங்க கண்ணாடி பொட்டு வச்சிருக்கு!"

மற்ற இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு அவள் கேட்டாள்: "அது உடையுமா டீச்சர்?"

"உடையாதும்மா" என்றேன் உடனே.

சொல்லி முடித்த பிறகு மனம் உறுத்தியது. உடையாது என்று எனக்கு யார் சொன்னார்கள்? வகுப்பில் அறிவியல் பாடம் எடுக்கிறவள் நான். 'சோதித்துப் பார்க்காமல் முடிவு சொல்லாதே' என்று ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்குக் கற்பிக்கிறவள். தலைக்குப் பின்னால் அந்தப் புள்ளியை வைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் குழந்தைக்கு, ஒன்றும் தெரியாமலே உறுதி கொடுத்திருக்கிறேன்.

பிள்ளைகளை இறக்கிவிட்டு நேரே பட்டணத்துக்குச் சென்றேன். வண்டிக் கண்ணாடி பொருத்தும் கடை ஒன்று அங்கே இருக்கிறது. சீனத் தவுக்கே ஒருவர் நெடுங்காலமாக நடத்திவருகிறார். அவர் பணத்தைப் பற்றி முதலில் பேசவே இல்லை. கைவிளக்கை எடுத்துக்கொண்டு வண்டிக்குள் அமர்ந்து, உள்ளிருந்து ஒளி அடித்துப் பார்த்தார். வெளியே வந்து கட்டைவிரல் நகத்தை அந்தப் புள்ளியின் மேல் மெல்ல இழுத்தார். நகம் தட்டி நின்றது. கண்ணாடியின் மூலையில் அச்சிட்டிருந்த சிறு முத்திரையை எனக்குக் காட்டினார். பிறகு மலாயில் சொன்னார்: "சிக்கு, இனி தாக் போலே பைக்கி. மெஸ்தி துக்கார்." இதைப் பழுதுபார்க்க முடியாது, மாற்றித்தான் ஆகவேண்டும் என்பது அதன் பொருள்.

"முன்கண்ணாடியில் பசை ஊற்றுகிறார்களே?" என்று கேட்டேன். அதற்கு அவர் தந்த விளக்கத்தையும், வீடு திரும்பிய பின் நான் படித்து அறிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன். மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவும் உதவும்.

வண்டியின் முன்கண்ணாடியும் பின்கண்ணாடியும் ஒரே பொருள் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அப்படியில்லை. முன்கண்ணாடி இரண்டு மெல்லிய கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே ஒரு நெகிழிப் படலத்தை வைத்து ஒட்டியது. அடுக்குக் கண்ணாடி எனலாம். பிரான்சு நாட்டு வேதியியலாளர் எடுவார் பெனெடிக்டஸ் 1909ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். கல் பட்டால் வெளித்தகட்டில் விரிசல் விழும். நடுப்படலம் அனைத்தையும் பிடித்துக்கொள்ளும். விரிசல் சிறிதாக இருந்தால், அதில் பிசினை ஊற்றி இறுகச் செய்யலாம்.

பின்கண்ணாடியும் பக்கக் கண்ணாடிகளும் பெரும்பாலான வண்டிகளில் வேறு வகை. அது ஒற்றைத் தகடு, பதப்படுத்திய கண்ணாடி. கண்ணாடியை ஏறத்தாழ 600 பாகை செல்சியசுக்கு மேல் சூடாக்கி, இரு பக்கமும் குளிர்காற்றை வேகமாக அடித்துத் திடீரென்று குளிர்விக்கிறார்கள். வெளிப்பரப்பு முதலில் இறுகிவிடும். உள்பகுதி பின்னால் குளிர்ந்து சுருங்க முயலும்போது, ஏற்கெனவே இறுகிவிட்ட வெளிப்பரப்பு இடம் கொடுக்காது. ஆகவே வெளிப்பரப்பு எந்நேரமும் அழுத்தத்திலும், உள்பகுதி எந்நேரமும் இழுவிசையிலும் இருக்கும். இந்த இழுபறிதான் அதன் வலிமை. சாதாரணக் கண்ணாடியைவிடப் பல மடங்கு அடியை அது தாங்கும். ஆனால் ஏதேனும் ஒரு புள்ளியில் வெளிப்பரப்பின் அழுத்த அடுக்கைத் தாண்டி உள்பகுதிவரை பிளவு இறங்கிவிட்டால், அடைத்து வைத்திருந்த விசை முழுவதும் ஒரே கணத்தில் விடுபடும். கண்ணாடி முழுவதும் கற்கண்டுத் துணுக்குகளைப் போலச் சிதறிவிடும். அந்த அழுத்த அடுக்கு, ஒவ்வொரு பக்கமும் தகட்டின் தடிப்பில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான். தகடே சில மில்லிமீட்டர்தான் என்றால், ஐந்தில் ஒரு பங்கு எவ்வளவு இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இந்த வியப்பை மக்கள் 17ஆம் நூற்றாண்டிலேயே கண்டிருக்கிறார்கள். உருகிய கண்ணாடியைத் தண்ணீரில் சொட்டவிட்டால் வால்முளைத்த துளியாக இறுகும். தலைப்பகுதியைச் சுத்தியலால் அடித்தாலும் எளிதில் உடையாது; வாலை விரலால் ஒடித்தால் துளி முழுவதும் தூளாகிவிடும். 'ரூபர்ட் இளவரசரின் துளிகள்' என்று பெயர் பெற்ற இவற்றை இலண்டன் ராயல் சொசைட்டி 1661இல் ஆராய்ந்தது. 1994ஆம் ஆண்டில் சந்திரசேகர், சௌத்ரி என்னும் இரு ஆய்வாளர்கள் அதிவேகப் படக்கருவியால் படமெடுத்து, அந்தப் பிளவு நொடிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதைக் காட்டினார்கள். கண்மூடித் திறப்பதற்குள் என்பார்களே, அதற்கும் முன்னால் முடிந்துவிடும் காரியம் இது.

ஆகவே பதப்படுத்திய கண்ணாடியில் 'சின்ன விரிசல் விழுந்திருக்கிறது, மெல்ல மெல்லப் பரவும்' என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒன்று, முழுதாக இருக்கும். இல்லையேல் முழுவதும் போய்விடும். இடைப்பட்ட நிலையில் இருப்பது என் வண்டியில் விழுந்தது போன்ற குழிதான். குழி அழுத்த அடுக்கின் எல்லைவரை இறங்கியிருக்கலாம்; இறங்காமலும் இருக்கலாம். பல மாதம் தாங்கக்கூடும். நாளைக்கே போய்விடவும் கூடும். வெயிலில் காய்ந்த கண்ணாடியில் திடீர் மழை விழுவது, கதவை ஓங்கிச் சாத்துவது, பள்ளத்தில் சக்கரம் இறங்குவது எதுவும் கடைசித் தூண்டுதலாக அமையலாம். 'இன்றுவரை உடையவில்லை' என்பது நாளைக்குச் சான்றாகாது. என்னுடைய ஒன்பது நாள் நிம்மதிக்கு அடிப்படையே இல்லை.

அப்படியானால் பின்கண்ணாடியில் எந்தக் குறையைக் கண்டாலும் உடனே மாற்றிவிட வேண்டுமா? வேண்டியதில்லை. தவுக்கே எனக்குச் சொன்ன முறையை வரிசைப்படுத்தித் தருகிறேன்.

1. முதலில் மூலையில் உள்ள முத்திரையைப் பாருங்கள். பதப்படுத்தியதா, அடுக்குக் கண்ணாடியா என்பது 'டெம்பர்டு' அல்லது 'லேமினேட்டட்' என்று பெரும்பாலும் அதில் ஆங்கிலத்தில் அச்சிடப்பட்டிருக்கும். சில வண்டிகளில் பின்புறத்திலும் அடுக்குக் கண்ணாடி இருப்பதுண்டு.

2. குறை உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்று பாருங்கள். உட்புறம் ஒட்டிய டின்ட் படலம் குமிழ்விட்டாலோ, சுருங்கினாலோ, கிழிந்தாலோ கண்ணாடிக்கு ஒன்றும் இல்லை. படலத்தை மட்டும் மாற்றினால் போதும்.

3. பின்கண்ணாடியின் உட்புறத்தில் ஓடும் பழுப்புநிறக் கோடுகள் ஆவியைப் போக்கும் சூடேற்றிக் கம்பிகள். அவற்றில் ஒன்று அறுந்தால் அந்தக் கோட்டருகே மட்டும் ஆவி விலகாது. மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பூச்சைத் தடவி அறுந்த இடத்தை இணைக்கலாம். இதற்காகக் கண்ணாடியை மாற்றவேண்டியதில்லை. பழைய படலத்தைக் கத்தியால் சுரண்டினால்தான் இந்தக் கோடுகள் பெரும்பாலும் அறுகின்றன. ஆகவே உரிக்கக் கொடுக்கும்போது சொல்லிக் கொடுங்கள்.

4. வெளிப்புறத்தில் மெல்லிய கோடு தெரிந்தால் நகத்தை அதன் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் வழுக்கிக்கொண்டு போனால் அது மேற்கீறல். பார்வையை மறைக்காதவரை அப்படியே விடலாம்.

5. நகம் தட்டி நின்றால், சில்லு பெயர்ந்திருந்தால், குறிப்பாக ஓரத்தை ஒட்டி இருந்தால், மாற்றிவிடுங்கள். பிசின் ஊற்றுவதும் நாடா ஒட்டுவதும் இதற்கு மருந்தாகா. குழியைத் தேய்த்துச் சமப்படுத்த ஒருபோதும் முயலாதீர்கள்.

சிதறினால் என்ன ஆகும் என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்லவேண்டும். துணுக்குகளின் முனை மழுங்கலாக இருக்கும். வீட்டுச் சன்னல் கண்ணாடியைப் போல நீள நீளமான கூர்வாள்களாக உடையாது. அதற்காகத்தான் பதப்படுத்துகிறார்கள். டின்ட் படலம் இருந்தால் துணுக்குகளில் பெரும்பகுதியை அது பிடித்துக்கொள்ளும். ஆயினும் கண்ணில் தெறித்தால் கண்தான். குனிந்து புத்தகப்பையில் கைவிட்டுக்கொண்டிருக்கும் பிள்ளையின் பிடரியில் கொட்டினால் என்ன ஆகும்? வெடிச்சத்தம் கேட்டு ஓட்டுநரின் கை ஒரு கணம் தடுமாறினால், எதிரே செம்பனைக் குலை ஏற்றிய லாரி வந்துகொண்டிருந்தால்? இந்தக் கேள்விகளுக்குப் பிறகு என்னால் வேறு கணக்குப் போட முடியவில்லை.

தவுக்கே 350 ரிங்கிட் கேட்டார். கண்ணாடி வர மூன்று நாள் ஆகும் என்றார். அந்த மூன்று நாளும் பிள்ளைகளை என் வண்டியில் ஏற்றவில்லை. பசை ஊற்றச் சொன்ன அதே சக ஆசிரியை தம் வண்டியில் கொண்டுபோய் விட்டார். காரணத்தைச் சொன்னபோது அவருக்கும் வியப்பு. தம் வண்டியின் முத்திரைகளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

காப்புறுதியைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டில் முழுமைக் காப்புறுதி எடுத்தாலும், கண்ணாடி மட்டும் உடைவதற்கான காப்பைத் தனியாகக் கேட்டுச் சேர்க்கவேண்டும். முன்கண்ணாடியின் பெயரில் அது வழங்கப்பட்டாலும் பின்கண்ணாடிக்கும் பக்கக் கண்ணாடிகளுக்கும் செல்லும். வழக்கமாகக் கண்ணாடி மதிப்பில் 15 விழுக்காடு கட்டணம். அதாவது 500 ரிங்கிட் மதிப்புக்கு 75 ரிங்கிட். இந்தக் காப்பின் கீழ்க் கோரினால், கோரிக்கை செய்யாதவர்க்கு உரிய கட்டணக் கழிவு குறையாது. இந்தக் காப்பு இல்லாமல் முழுமைக் காப்புறுதியில் கோரினால் அந்தக் கழிவு போய்விடும். ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து கோராதவர்க்கு அது 55 விழுக்காடு. 350 ரிங்கிட்டுக்காக அதை இழப்பது அறிவுடைமை ஆகாது என்பதால் கைப்பணத்தைக் கட்டினேன். 75 ரிங்கிட்டை மிச்சம்பிடித்த என் சாமர்த்தியத்தை என் கணவர் இன்னும் நினைவூட்டிக்கொண்டிருக்கிறார்!

கண்ணாடி மாற்றிய அன்று அருகிலேயே நின்று பார்த்தேன். கழற்றிய பழைய கண்ணாடியைத் தவுக்கே குப்பைத் தொட்டியின் மேல் சாய்த்து வைத்து, கூரான ஆணியை அந்தக் குழியில் வைத்து, சுத்தியலால் ஒருமுறை தட்டினார். 'பொப்' என்று ஒரு சத்தம். கண்ணாடி முழுவதும் ஒரே கணத்தில் வெள்ளை மணலாக மாறியது. டின்ட் படலம் அதை ஒரு பழைய சாக்கைப் போலத் தொங்கவிட்டுப் பிடித்திருந்தது. கூராணியால் தட்டினால் புதிய கண்ணாடியும் அப்படித்தான் ஆகும். ஆகவே நான் எடுத்த முடிவு சரி என்பதற்கு அது சான்றாகாது. ஆனாலும் அந்தக் காட்சியை என்னால் மறக்க இயலவில்லை. புதுக் கண்ணாடியின் பசை இறுகச் சில மணி நேரம் காத்திருந்து வீடு திரும்பினேன். டின்ட் படலத்தைச் சம்பளம் வந்தபின் ஒட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த நாள் மாலை அந்தச் சிறுமி வண்டியில் ஏறியதும் திரும்பிப் பார்த்தாள். "பொட்டைக் காணோமே டீச்சர்!" என்றாள். வீட்டுக்குப் போய் அப்பாவிடமும் சொல்லியிருக்கிறாள். மறுநாள் காலை அவர் வாயிலில் நின்றார். கையில் ஓர் உறை.

"சின்னக் கீறல்னு சொன்னீங்களே டீச்சர்" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை. ஒரு வருத்தம் இருந்தது. "என் பொண்ணும் அதுலதானே உக்காந்து வந்துச்சு."

என்னிடம் பதில் இல்லை. அவர்மேல் இரக்கப்பட்டு நான் சொன்ன சொல், அவர் மகளையே அந்தக் குழிக்கு முன்னால் பத்து நாள் உட்கார வைத்திருக்கிறது. அவரிடம் உள்ளதைச் சொல்லியிருந்தால், "அதுவரைக்கும் நானே மோட்டார்ல கூட்டிட்டுப் போறேன் டீச்சர்" என்றிருப்பார். முடிவெடுக்கும் உரிமை அவருக்கு இருந்தது. கருணை என்ற பெயரில் அதை நான் எடுத்துக்கொண்டேன்.

மன்னிப்புக் கேட்டேன். பணம் வேண்டாம் என்றேன். அவர் ஒப்பவில்லை. "வாங்கலைன்னா நான் அடுத்த தடவை வேலைக்கு வர மாட்டேன்" என்றார். கடைசியில் 50 ரிங்கிட் வாங்கிக்கொண்டேன். வாங்காமல் இருந்திருந்தால் அவரை இன்னொரு முறை சிறுமைப்படுத்தியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது. சங்கக் கூட்டத்தில் அவரே எழுந்து, இனிப் புல் வெட்டும் நாளில் வண்டிகள் அனைத்தையும் திடலுக்கு அப்பால் நிறுத்தவேண்டும், இயந்திரத்துக்கு முன்னால் வலைத் தட்டியைப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று சொன்னார். அப்படியே முடிவாயிற்று.

இதோடு முடித்திருக்கலாம். ஆனால் மனத்தில் இன்னொரு முள் இருந்தது.

அந்தச் சிறுமிக்கு வாசிப்பு வரவில்லை. உயிர்மெய் எழுத்துகளில் கொம்பும் காலும் வந்தால் தடுமாறுவாள். சொல்லின் முதலெழுத்தைப் பார்த்து மீதியை ஊகித்துச் சொல்வாள். இரண்டாம் ஆண்டின் நடுப்பகுதியில் இது நகம் தட்டி நிற்கும் குழி. ஆனால் பெற்றோர் சந்திப்பு நாளில் அவள் அப்பா கேட்டபோது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கொஞ்சம் மெதுவாகப் படிக்கிறாள் அண்ணே, போகப்போகச் சரியாகிவிடும்." அதே குரல், அதே கருணை. வேலை முடித்துக் களைத்து வந்தவரின் முகம் வாடக் கூடாதே என்று சொன்ன சொல். அவள் வாசிப்பைச் சோதித்துப் பார்த்துச் சொன்ன சொல் அன்று.

உறையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்த அதே காலையில், அவரை வகுப்பறைக்குள் அழைத்து உட்கார வைத்துச் சொன்னேன். எந்த எழுத்துகள் வருகின்றன, எவை வரவில்லை, குறைநீக்கல் வகுப்பு என்றால் என்ன, மூன்றாம் ஆண்டுக்குள் இதைப் பிடித்துவிட்டால் ஏன் நல்லது என்று எல்லாவற்றையும் சொன்னேன். வாடத்தான் செய்தார். சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வீட்டுல நாங்க என்ன செய்யணும் டீச்சர்?" என்று கேட்டார்.

போகப்போகச் சரியாகிவிடும் என்று நான் சொன்னபோது அவர் இந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. கேட்க நான் இடம் கொடுக்கவில்லை.

ஆசிரியத் தோழர்களே, பெற்றோர்களே! யார் உடைத்தார்கள், எவ்வளவு செலவாகும், யார் மனம் நோகும் என்பவையெல்லாம் தேவையான கேள்விகளே. ஆனால் அவை இரண்டாவதாக வரவேண்டியவை. கண்ணாடி எப்படி இருக்கிறது என்பதைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். அதைக் கண்ட பிறகு, யார் எவ்வளவு சுமப்பது என்பதில் எவ்வளவு வேண்டுமானாலும் இரக்கம் காட்டலாம். நான் வரிசையை மாற்றிவிட்டேன்.

இன்று மாலை நேரமிருந்தால் உங்கள் வண்டியின் பின்கண்ணாடியை ஒருமுறை நகத்தால் தடவிப் பாருங்கள். அந்தச் சிறுமி இப்போது குறைநீக்கல் வகுப்புக்குப் போகிறாள். போன வாரம் சாலையோரப் பெயர்ப்பலகை ஒன்றை, எழுத்தெழுத்தாகக் கூட்டி, பின்னிருக்கையிலிருந்து உரக்கப் படித்துக் காட்டினாள். ஓர் எழுத்துத்தான் தவறு.